காக்காவின் வைத்தியச் செலவுக்குக் கணக்கு



மருதமுனை உறவுகளே, வெளிநாட்டில் இருக்கும் தம்பிமாரே, என்னிடம் படித்த பிள்ளைகளே.

என் காக்காவின் வைத்தியத்துக்கு நீங்கள் காசு தந்து ஏழு மாதமாகிறது. கணக்குச் சொல்வதாகப் பள்ளிவாயலில் வைத்து வாக்குக் கொடுத்திருந்தேன், பிந்திவிட்டது. காசுக் கணக்கு மட்டும் போடுவதென்றால் பத்து வரியில் முடிந்துவிடும். ஆனால் இந்த ஒன்பது மாதத்தில் நான் செய்த இரண்டு பெரிய பிழைகளையும் சொல்லாமல் விட்டால் கணக்கு முழுசாகாது. காக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது, எல்லாரும் தெரிஞ்சிக்கட்டும்" என்றார். எழுதியதை வாசித்தும் காட்டினேன். இரண்டு இடத்தில் வெட்டச் சொன்னார், வெட்டிவிட்டேன்.

போன நோன்புப் பெருநாளைக்கு ஒரு கிழமைக்கு முன்னர்தான் தொடங்கியது. காக்காவுக்கு நான்கு தறி இருந்தது உங்களுக்குத் தெரியும். பெருநாள் நேரம் சாரன் ஓடர் நிறைய வரும். கணக்குக் கொப்பியில் அவருடைய எழுத்து கோணத் தொடங்கியது. எட்டாயிரம் வர வேண்டிய இடத்தில் எண்ணூறு என்று எழுதியிருந்தார். பிறகு பொருள்களின் பெயர் மறந்தது. சாவியைக் கேட்க வந்து, "அந்த... திறக்கிறது... அதத் தா" என்பார். நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஐம்பத்திரண்டு வயது, நோன்புக் களைப்பு, நித்திரை இல்லை என்று எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லிக்கொண்டோம்.

விடியப் புறத்தில் தலையிடி. ஸஹருக்கு எழும்பும்போதே இடிக்கும், சத்தி எடுத்தால் கொஞ்சம் குறையும். ஒருவர் கேஸ்ட்ரிக் என்றார், இன்னொருவர் கண்ணாடி மாற்றச் சொன்னார். கண்ணாடியும் மாற்றினோம். பெருநாள் முடிந்து ஒன்பதாம் நாள் தறிக்குப் பக்கத்தில் வலிப்பு வந்து விழுந்தார். அன்றிரவே சீ.டி. ஸ்கேன் எடுத்தார்கள். இடது பக்கத்தில், காதுக்கு மேலே, ஒரு கோழி முட்டையளவில் இருந்தது.

நான் விஞ்ஞான ஆசிரியர். மூளையின் இடது பக்கம் பேச்சுக்கும் மொழிக்கும் உரியது என்று தரம் 11க்கு எத்தனை வருடம் படிப்பித்திருப்பேன்! என் கண்ணுக்கு முன்னால் என் கூடப்பிறந்தவர் சாவிக்குப் பெயர் தெரியாமல் நின்றபோது எனக்கு அது ஓடவில்லை.

கொழும்பு தேசிய வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நடந்தது. அதற்கு முன் எம்.ஆர்.ஐ. ஸ்கேனை வெளியே தனியாரில் எடுத்தோம். டொக்டர் சுற்றி வளைக்கவில்லை. முடிந்தளவு எடுப்போம், முழுவதும் எடுக்க முடியாது, இந்த வகைக் கட்டி வேர் விட்ட மாதிரி நல்ல மூளைக்குள்ளும் பரவியிருக்கும், பேச்சு உள்ள இடத்தைத் தொட்டால் மனிதன் ஊமையாகிவிடுவார் என்றார். ஐந்து மணித்தியாலம். அல்ஹம்துலில்லாஹ், கண் திறந்ததும் மதினியின் பெயரைச் சொன்னார். என் பெயர் வர இரண்டு நாள் எடுத்தது. மதினி அதை இன்னும் சொல்லிக் காட்டுவார்.

பயொப்சி ரிப்போர்ட் வர நாளெடுத்தது. வந்தபோது அதில் இருந்த சொல் கிளியோபிளாஸ்டோமா, தரம் 4. மூளையிலேயே தொடங்கும் கட்டிகளில் மிக வேகமாக வளர்வது இது. மற்றப் புற்றுநோய்களைப் போல ஈரலுக்கும் எலும்புக்கும் போவது மிக அரிது, மூளைக்குள்ளேயேதான் திரும்பத் திரும்ப வரும். (தொற்றாது. இதையும் எழுத வேண்டியிருக்கிறது. காக்கா குடித்த கோப்பையைத் தனியாக எடுத்து வைத்த வீடுகளும் நமது ஊரில் இருக்கின்றன. நான் யாரையும் சொல்லவில்லை.)

இங்கேதான் என் முதலாவது பிழை.

ரிப்போர்ட்டை நான் காக்காவிடம் காட்டவில்லை. "சின்னத் தண்ணிக் கட்டி காக்கா, எடுத்துட்டாங்க, இனி கொஞ்சம் கரண்ட் புடிப்பாங்க" என்றேன். மதினிக்கும் மகளுக்கும் பாதி சொன்னேன். எல்லா வீட்டிலும் இப்படித்தான் செய்கிறோம். அவர் தாங்கமாட்டார் என்று நாங்கள் முடிவெடுத்தோம். அதற்குப் பிறகு வீட்டில் நடந்த எல்லாக் கதையும் அவர் இல்லாத அறையில் நடந்தது. அவருடைய தலை, அவருடைய வீடு, அவருடைய பிள்ளை. பேசியது நாங்கள்.

என்ன பேசினோம்? இந்தியா. வேறென்ன. கட்டாரில் இருக்கும் மச்சான் ஒவ்வொரு இரவும் கோல் எடுப்பார். "இங்க வெச்சிப் பாத்தா சரிவராது, சென்னைக்குக் கொண்டு போங்க." அங்கே ஒரு பெரிய வைத்தியசாலையின் ஏஜென்ட் வட்ஸ்அப்பில் விலை அனுப்பினார். தங்குமிடம், டிக்கெட் எல்லாம் சேர்த்து நமது காசில் 30 இலட்சம் வரும். ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு மதினி ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். உள்ளே வீட்டு உறுதி இருந்தது. "தம்பி, இத வித்துப் போட்டு அவரக் கொண்டு போங்க."

நமது பகுதியில் வீடு என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அது மதினிக்கு அவருடைய வாப்பா கட்டிக் கொடுத்தது. சுனாமியில் அரைவாசி போய், காக்கா தறி அடித்துத் திரும்பக் கட்டியது. நாளைக்கு அது மகளுக்கு. அவளுக்குப் பத்தொன்பது வயது. டின்னை நான் வாங்கிக்கொண்டேன். ஒருவர் விலையும் பேசிவிட்டார்.

அந்த நாட்களில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை, ஸ்கேனையும் ரிப்போர்ட்டையும் ஒரு பழைய மாணவன் மூலம் சென்னையில் ஒரு புற்றுநோய் வைத்திய நிபுணருக்கு ஈமெயிலில் அனுப்பியது. மூன்று நாளில் பதில் வந்தது. கதிரியக்க சிகிச்சை 60 கிரே, 30 தடவை, கிழமைக்கு ஐந்து நாள், ஆறு கிழமை. அதனுடன் தினமும் டெமோசோலமைட் குளிசை. நான்கு கிழமை ஓய்வு. பிறகு 28 நாளைக்கு ஒருமுறை ஐந்து நாள் அதே குளிசை, கூடிய அளவில், ஆறு சுற்று. மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில் எங்களுக்கு எழுதிக் கொடுத்திருந்த துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எண்ணுக்கு எண் அதேதான். கடைசியில் அந்த டொக்டர், உங்கள் நாட்டிலேயே கிடைக்கிறது, பிந்தாமல் தொடங்குங்கள் என்று எழுதியிருந்தார்.

2005ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வுக்குப் பிறகு உலகம் முழுவதும் இந்த நோய்க்கு இதுதான் அடிப்படை வைத்தியம். லண்டனிலும் இதுதான், சென்னையிலும் இதுதான். மஹரகமையில் அதை அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. வெளிநாட்டுக்குப் போகவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. இங்கே ஒபரேஷன் செய்ய முடியாது என்று சொல்லப்பட்டவர்களுக்கு வேறு இடத்தில் கேட்டுப் பார்க்க நியாயம் இருக்கிறது. ஆனால் உறுதியைக் கையில் எடுக்க முன்னர் ரிப்போர்ட்டை அனுப்பிக் கேளுங்கள். ஒரு ஈமெயிலுக்கு வீடு விற்கத் தேவையில்லை.

இரண்டாவது பிழை இதைவிட மோசம்.

கதிரியக்கம் தொடங்கத் திகதி கிடைத்து ஊரில் காத்திருந்த நாட்களில் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர் ஒருவர்தான் கூட்டி வந்தார், நல்ல எண்ணத்தில். இரண்டு போத்தல் மருந்து, 45,000 ரூபாய். எத்தனையோ பேருக்குக் கட்டி கரைந்திருக்கிறதாம். ஒரு நிபந்தனை: இங்கிலிஷ் மருந்து உடம்பில் இருந்தால் இது வேலை செய்யாது, எல்லாவற்றையும் நிற்பாட்ட வேண்டும். மதினி என் முகத்தைப் பார்த்தார். உம்மா என் முகத்தைப் பார்த்தார். விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்ன சொல்கிறான் என்று பார்த்தார்கள். நான், "நாலு நாளைக்குப் பாப்பமே" என்றேன். காசையும் நானே கொடுத்தேன். அந்த 45,000 உங்கள் காசில் இல்லை, என் சம்பளத்தில் போனது.

காக்கா அப்போது டெக்ஸாமெதசோன் என்ற குளிசையில் இருந்தார். கட்டியைச் சுற்றி மூளை வீங்குவதை அடக்கி வைத்திருப்பது அதுதான். அதற்கு வில்லங்கங்களும் உண்டு. சீனி ஏறும், நித்திரை போகும், பசி அடங்காது. ("இந்த மனிசன் ராவு ரெண்டு மணிக்குச் சோறு கேக்காரு" என்று மதினி சொல்வது அதனால்தான்.) ஆனால் அதைத் திடீரென்று நிற்பாட்டவே கூடாது. வீக்கம் திரும்ப வரும். அது மட்டுமில்லை, கொஞ்ச நாள் அதை எடுத்த உடம்பு தன்னுடைய சொந்த ஹோர்மோனைச் சுரப்பதைக் குறைத்துவிடும், பிரஷர் விழும். டொக்டர் படிப்படியாகத்தான் குறைப்பார். வலிப்புக் குளிசையும் அப்படித்தான்.

மூன்றாம் நாள் இரவு தலையைப் பிடித்துக்கொண்டு கத்தினார். நான்காம் நாள் விடியப் புறம் கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. அம்பியூலன்ஸுக்குள் அவருடைய வலது கை பலகை மாதிரிக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் டியூட்டி டொக்டர் சின்னப் பெடியன், என் மாணவர்களின் வயதிருக்கும். "டெக்ஸாவ நிப்பாட்டினது யாரு?" என்று கேட்டார். அந்த அறையில் ஆறு பேர் நின்றோம். நான்தான் என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஊசி ஏற்றினார்கள். அடுத்த நாள் பின்னேரம் காக்கா தண்ணீர் கேட்டார்.

றுக்யா ஓதினோம், ஸம்ஸம் கொடுத்தோம், ஸதகா கொடுத்தோம். இன்றும் செய்கிறோம். அதில் ஒன்றும் குளிசையை நிற்பாட்டச் சொல்லவில்லை. போத்தலோடு வருகிறவர் நிற்பாட்டச் சொன்னால் அவரைத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். என் காக்கா திரும்பி வந்தது அல்லாஹ்வின் அருள்.

ஆடி மாதம் மஹரகமைக்குப் போனோம். பக்கத்தில் ஓர் அறை எடுத்தோம், நானும் மதினியும் மாறி மாறி நின்றோம். முதல் நாள் டொக்டர் மிஸ் எங்களைப் பார்க்கவில்லை, காக்காவைப் பார்த்துத்தான் பேசினார். சிங்களத்தவர், ஆனால் தமிழ் நன்றாகக் கதைப்பார். "உங்களுக்கு என்ன வருத்தம் என்று சொல்லியிருக்கிறார்களா?" காக்கா என் பக்கம் கையைக் காட்டினார். "இவன் சொல்ல மாட்டான் மிஸ். நீங்க சொல்லுங்க." எவ்வளவு தெரிய வேண்டும் என்று கேட்டார். எல்லாம் என்றார்.

டொக்டர் சொன்னார். அவர் சொன்னதற்கு அடிப்படையான எண்களை நான் வாசித்திருந்தேன், 2005 ஆய்வில் உள்ளவை. கதிரியக்கமும் இந்தக் குளிசையும் எடுத்தவர்களில் பாதிப் பேர் 14.6 மாதத்தைத் தாண்டினார்கள், கதிரியக்கம் மட்டும் எடுத்தவர்களுக்கு அது 12.1 மாதம். இரண்டு வருடம் தாண்டியவர்கள் நூற்றுக்கு 26 பேருக்கு மேல், குளிசை இல்லாதவர்களில் 10 பேரளவில். இரண்டரை மாத வித்தியாசத்துக்கா இவ்வளவு பாடு என்று எனக்கு முதலில் தோன்றியது. ஆனால் நாலில் ஒருவர் என்பது வேறு கணக்கு. அந்த ஒருவராக யார் இருப்பார் என்று எந்த டொக்டருக்கும் தெரியாது.

காக்கா கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கை நடுங்கியது, அவருக்கு நடுங்கவில்லை. அறைக்கு வந்து ளுஹர் தொழுதார். தொழுது முடித்து நெடுநேரம் பாயிலேயே இருந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார், ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி:

"ஊடு... வித்துட்டீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் சொன்னது என்று கேட்டேன். "எனக்குப் பேசத்தான் ஏலாது. காது கேக்கும்."

இல்லை காக்கா, இன்னும் விற்கவில்லை என்றேன்.

"விக்க வாணாம். அது புள்ளட ஊடு. இங்க என்ன தாறாங்களோ அத எடுப்பன். அல்லாஹ் நாடின மட்டும் இரிப்பன். நீ... எனக்குப் பொய் சொல்லாத."

அன்றிரவே மதினிக்குப் போன் எடுத்து டின்னை இருந்த இடத்தில் வைக்கச் சொன்னோம். விலை பேசியவர் கோபித்துக்கொண்டார், அது வேறு கதை.

ஆறு கிழமையும் எப்படிப் போனது என்று நிறையப் பேர் கேட்டீர்கள். சூடாக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி ஒரு முகமூடி செய்வார்கள். தலை அசையாமல் இருக்க, ஒவ்வொரு நாளும் அதைப் போட்டு மேசையோடு பூட்டுவார்கள். உள்ளே சில நிமிடம்தான், நோவு இல்லை. முதல் நாள் பயந்தார். ஆயத்துல் குர்ஸி மூன்று தரம் ஓத முன்னர் முடிந்துவிடுகிறது என்று இரண்டாம் நாள் சொன்னார். மூன்றாம் கிழமையில் ஒரு பக்கத்து முடி கொட்டியது. குளிசையை வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும், அதற்கு முன்னர் சத்திக் குளிசை. கிழமைக்கு ஒருமுறை இரத்தம் சோதிப்பார்கள். வெள்ளை அணுவும் பிளேட்லெட்டும் விழுந்தால் குளிசையை நிற்பாட்டுவார்கள். அதனால்தான் இருமலோடு பார்க்க வந்தவர்களை வாசலில் திருப்பினேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

2016இல் கதீஜா பவுண்டேஷன் முன்னின்று இதே மஹரகமைக்குப் பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்கக் காசு சேர்த்தது ஞாபகம் இருக்கும். எங்கள் பாடசாலையிலும் பிள்ளைகள் உண்டியல் கொண்டு திரிந்தார்கள். காக்காவுக்கு அந்த இயந்திரம் தேவைப்படவில்லை. மூளை இயல்பிலேயே சீனியை அள்ளிக் குடிக்கும் உறுப்பு, சீனியைக் காட்டும் ஸ்கேனில் கட்டி சரியாகத் தெரியாது, எம்.ஆர்.ஐ. தான் வேண்டும். ஆனாலும் ஒருநாள் காக்கா அந்தக் கட்டடத்துக்கு முன்னால் நின்று, தன்னுடைய நூறு ரூபாவும் இதற்குள் இருக்கிறது என்றார்.

ஓய்வுக் காலம் முடிந்து எடுத்த ஸ்கேனில் கட்டி இருந்த இடம் முன்னரைவிடப் பெரிதாக வெள்ளையாகத் தெரிந்தது. கட்டார் மச்சான் திரும்பவும் சென்னை என்றார். டொக்டர் மிஸ் பொறுக்கச் சொன்னார். கதிரியக்கம் முடிந்து முதல் மூன்று மாதத்துக்குள் அந்த இடம் வீங்கி, கட்டி வளர்ந்தது மாதிரியே காட்டுவது உண்டு, குளிசையைத் தொடர்ந்து கொடுத்துத் திரும்ப எடுத்துப் பார்ப்போம் என்றார். இந்த முறை எல்லாவற்றையும் காக்காவுக்கு முன்னால் வைத்துத்தான் பேசினோம். பொறுப்போம் என்று அவரே சொன்னார். அடுத்த ஸ்கேனில் அது சுருங்கியிருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

இனிக் காசுக் கணக்கு.

நீங்கள் தந்தது மொத்தம் 1,286,000 ரூபாய். அதில் ஸகாத் என்று சொல்லித் தந்தது 410,000, வேறாக வைத்திருந்தேன், முதலில் அதைத்தான் செலவழித்தேன். தனியார் எம்.ஆர்.ஐ. மூன்றுக்கு 138,000. மஹரகமையில் அறையும் சாப்பாடும் 165,000. வேன், பஸ், ஓட்டோ 142,000. வெளியே பாமசியில் வாங்கிய டெமோசோலமைட் 236,000. மற்ற மருந்தும் இரத்தப் பரிசோதனையும் 64,000. செலவு 745,000, மிச்சம் 541,000. பில் எல்லாம் ஒரு பைலில் இருக்கிறது. பள்ளிவாயல் செயலாளரிடம் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன், யாரும் பார்க்கலாம்.

இந்த மிச்சத்தில் எனக்கும் காக்காவுக்கும் ஒரு வழக்கு. மஹரகமையில் பக்கத்து அறையில் மொனராகலையிலிருந்து ஒரு குடும்பம் தங்கியிருந்தது. அந்த மனிதருக்கும் இதே வருத்தம், சிறிய பிள்ளைகள் இரண்டு. வயல் காணியை ஈடு வைத்துவிட்டு வந்தவர்கள். அவருடைய மனைவியும் மதினியும் ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாமலே ஆறு கிழமை ஒரே அடுப்பில் சமைத்தார்கள். மூன்று இலட்சத்தை அவர்களுக்குக் கொடுக்கச் சொல்கிறார் காக்கா. எனக்கு மனமில்லை, உள்ளதைச் சொல்கிறேன். இந்த வருத்தம் திரும்பும், திரும்பினால் இரண்டாவது ஒபரேஷன், வேறு மருந்து, எல்லாம் காசு. "அப்ப பாப்பம்" என்கிறார்.

அது அவருக்கென்று நீங்கள் தந்த காசு. ஸகாத் பங்கு முழுவதும் முடிந்துவிட்டது, மிச்சம் ஸதகாதான். ஆனாலும் உங்களிடம் கேட்காமல் கைமாற்ற எனக்கு உரிமை இல்லை. தன் பங்கு காக்காவுக்கு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் அடுத்த ஜும்மாவுக்கு முன்னர் எனக்கு இன்பொக்ஸில் சொல்லுங்கள், பெயரை வெளியே சொல்லமாட்டேன். அந்தத் தொகையைத் தனியாக வைத்துவிட்டு மற்றதைக் கொடுக்கிறேன்.

நாலாவது சுற்றுக் குளிசை போன கிழமை முடிந்தது. அடுத்த ஸ்கேனுக்கு வருகிற செவ்வாய் இரவு பஸ்ஸில் கொழும்பு போகிறோம். துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பார்க்க வருகிறவர்கள் அஸருக்குப் பிறகு வாருங்கள், அந்த நேரம் தறிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருப்பார். ஒரு சொல்லைத் தேடிக்கொண்டு நின்றால் நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். கொஞ்சம் பிந்தும், அவரே சொல்லுவார்.